கைபர் கணவாயில் ஒரு விருந்து: அந்த ‘கேரி ஆன்’ படத்துக்குச் சிரித்தது தப்பா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இப்போதுதான் படிக்க வருபவர்களுக்கும் புரியும். நீங்கள் லீட்ஸில் வேலை பார்க்கிறீர்கள். கூட வேலை செய்பவர் வீட்டில் விருந்து. சாப்பாடு முடிந்ததும் 1968இல் வந்த ‘கேரி ஆன் அப் தி கைபர்’ படத்தைப் போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு இந்திய ராஜாவாகவும் ஆப்கான் தலைவனாகவும் வருவதைப் பார்த்து முதலில் நெளிந்தீர்கள். கடைசியில் வரும் விருந்துக் காட்சியில் உங்களை மறந்து சிரித்துவிட்டீர்கள். இதைப் போய் பிரிட்டனின் சிறந்த நூறு படங்களில் எப்படிச் சேர்த்தார்கள், பதினாலு வயது மகளோடு பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ‘சிரித்தது எனக்கே ஒரு மாதிரி இருந்தது’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நிஜமான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். நம்மைக் கேலி செய்த படத்துக்கு நாமே சிரித்துவிட்டோமோ என்கிற உறுத்தல்.

சுருக்கமான பதில்: நெளிந்ததும் சரி, சிரித்ததும் சரி. இந்தப் படம் தன் சொந்த நாட்டுக்காரர்களைக் கிண்டல் செய்யும்போது கத்தி மாதிரி இருக்கிறது. நம்மைக் காட்டும்போது படு சோம்பேறியாகிவிடுகிறது. இரண்டும் ஒரே படத்துக்குள், சில சமயம் ஒரே காட்சிக்குள் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். லண்டனில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் பல வருடங்கள் பிரிட்டிஷ் சினிமா வரலாறு எடுத்தவன் நான். இந்தப் படத்தைப் போட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பிரிவு தோல் நிறத்தை ஒட்டி நடப்பதில்லை. பஞ்சாபிப் பெரியவர் ஒருவர் கண்ணீர் வரச் சிரிப்பார், பக்கத்தில் இருக்கும் இங்கிலாந்துக்காரப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதை வைத்துத்தான் எழுதுகிறேன். சினிமாவைத் தாண்டி எல்லைப்புறப் போர்களின் ராணுவ வரலாறு என் துறை கிடையாது; அங்கே எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விஷயங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

‘கேரி ஆன்’ என்பது ஒரு வரிசையின் பெயர். 1958இல் ‘கேரி ஆன் சார்ஜன்ட்’ என்று ஆரம்பித்து 1978க்குள் முப்பது படங்கள் (அதில் ஒன்று பழைய துண்டுகளைக் கோத்த தொகுப்பு), அப்புறம் 1992இல் யாரும் கேட்காமலே ஒன்று, ஆக 31. எல்லாவற்றுக்கும் இயக்குநர் ஜெரால்ட் தாமஸ்; அந்தக் கடைசிப் படம் தவிர மற்றவற்றுக்குத் தயாரிப்பாளர் பீட்டர் ராஜர்ஸ். லண்டன் பக்கத்தில் இருக்கும் பைன்வுட் ஸ்டுடியோவில், குறைந்த செலவில், ஆறு வாரம்போல எடுத்துக்கொண்டு ஒரு படத்தை முடித்துவிடுவார்கள். அதே நடிகர் கூட்டம் திரும்பத் திரும்ப வரும். முன்னணி ஆண் நடிகர்களுக்கு ஒரு படத்துக்குச் சுமார் 5,000 பவுண்டு, நடிகைகளுக்கு அதில் பாதி. பிறகு டிவியில் எத்தனை தடவை ஓடினாலும் அவர்களுக்கு மேற்கொண்டு ஒன்றும் கிடையாது. கைபர் படம் இந்த வரிசையில் பதினாறாவது. எழுதியவர் டால்பட் ராத்வெல்.

இந்தப் படங்களின் நகைச்சுவை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு பக்கம் மியூசிக் ஹால், அதாவது தொழிலாளர் பேட்டைகளில் பாட்டும் கேலியுமாக நடந்த மேடைக் கச்சேரி. இன்னொரு பக்கம் கடற்கரை ஊர்களில் விற்ற கேலிச்சித்திரத் தபால் அட்டைகள்: கொழுத்த மனைவி, ஒடிசலான புருஷன், இரட்டை அர்த்தத்தில் ஒரு வரி. அந்த அட்டைகளை வரைந்தவர்களில் பெயர் பெற்ற டொனால்ட் மெக்கில் மீது 1954இல் லிங்கன் நகரில் ஆபாச வழக்கே போட்டு அபராதம் விதித்தார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1941லேயே அவருடைய அட்டைகளைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். கட்டுப்பாடான ஒழுக்கம் ஒன்று இருப்பதாக எல்லாரும் ஒத்துக்கொண்ட சமூகத்தில்தான் இந்த மாதிரி நகைச்சுவைக்கு வேலை இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு அது சரியாகவே படுகிறது. ‘கேரி ஆன்’ படங்களில் யாரும் யாரோடும் ஒழுங்காகப் படுக்கைவரை போய்ச் சேர மாட்டார்கள். பேச்சு மட்டும் விடாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கைபர் படத்தின் தலைப்பே அப்படித்தான். கிழக்கு லண்டன் வழக்கில் ‘கைபர் பாஸ்’ என்றால் பின்புறம், எதுகைக்காகச் சொல்வது. தலைப்பைப் படித்ததுமே அந்த ஊர் ரசிகன் சிரித்திருப்பான். கென்னத் வில்லியம்ஸ் நடிக்கும் ராஜாவின் பட்டம் ‘காஸி ஆஃப் காலபார்’. ‘காஸி’ என்றால் அங்கே பேச்சு வழக்கில் கழிப்பறை. பெர்னார்ட் பிரெஸ்லா நடிக்கும் ஆப்கான் தலைவன் பெயர் பங்டிட் டின், கிப்ளிங்கின் கவிதையில் வரும் கங்கா டின் என்ற இந்தியத் தண்ணீர்க்காரனின் பெயரைக் கிண்டல் செய்து வைத்தது. அவனுடைய இனத்தாருக்குப் பெயர் பர்ப்பா, அதாவது ஏப்பம். இது பள்ளிக்கூடப் பையன்கள் கடைசி பெஞ்சில் வைக்கும் பெயர் வகை. பெரிதாக யோசிக்க எதுவும் இல்லை.

கதை 1895இல் நடக்கிறது. கைபர் கணவாயைக் காப்பது மூன்றாவது ‘ஃபுட் அண்ட் மவுத்’ படைப்பிரிவு, கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோயின் பெயர். இவர்கள் கில்ட் என்ற ஸ்காட்லாந்துப் பாவாடை அணிந்த வீரர்கள், கில்ட்டுக்குள் எதுவும் போடுவதில்லை என்று பெயர் எடுத்தவர்கள். ‘பாவாடை கட்டிய பிசாசுகள்’ என்று எதிரிகள் நடுங்குவதே அதனால்தான். ஒருநாள் சார்ல்ஸ் ஹாட்ரி நடிக்கும் விடில் என்ற நோஞ்சான் சிப்பாய் உள்ளாடை போட்டிருப்பது எதிரிக்குத் தெரிந்துவிடுகிறது. குளிருக்குப் பயந்து படையில் மற்றவர்களும் அப்படித்தான் இருக்கிறார்கள் என்பதும் வெளிச்சத்துக்கு வருகிறது. அதற்குப் புகைப்பட ஆதாரம் ஒன்று, அது கவர்னரின் மனைவி வழியாக ராஜாவிடம் போகிறது. பிரிட்டிஷ்காரர்கள் மேல் இருந்த பயம் போனதும் எல்லைப்புறமே கிளர்ந்து எழுகிறது. இந்தக் கதையை ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் அதிகாரம் முழுக்க ஒரு வதந்தியின் மேல் நிற்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எதிரி எட்டிப் பார்க்காதவரைதான் அதற்கு மரியாதை. ராத்வெல் இதைத் தத்துவமாக யோசித்து எழுதினாரா என்றால், அப்படி நினைக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. அவருக்குக் கில்ட் ஜோக் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் எல்லைப்புறத்தை வீரத்தின் மேடையாகக் காட்டிய அதற்கு முந்தைய பிரிட்டிஷ் படங்கள் சொல்லாத ஒன்றை இந்த ஜோக் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது.

இப்போது நீங்கள் நெளிந்த விஷயம். சாயம் பூசிய முகங்களுக்குச் சமாதானம் சொல்ல எனக்கு விருப்பமும் இல்லை, வழியும் இல்லை. ‘அந்தக் காலத்தில் யாருக்கும் அது தப்பென்று தெரியாது’ என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை இல்லை. வெள்ளையர்கள் கருப்புச் சாயம் பூசிக்கொண்டு ஆடிப்பாடும் நிகழ்ச்சி ஒன்றை பிபிசி 1958 முதல் நடத்தி வந்தது. அதை நிறுத்தச் சொல்லி, இனப் பாகுபாட்டை எதிர்த்த ஓர் அமைப்பு 1967இல் பிபிசியிடம் மனு கொடுத்தது. கைபர் படம் வருவதற்கு ஒரு வருடம் முன்பு. தெரிந்திருந்தது, சொல்லவும் சொன்னார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை. அந்த நிகழ்ச்சி 1978 வரை ஓடியது. ‘இந்திய நடிகர்கள் கிடைக்கவில்லை’ என்ற சாக்கும் நிற்காது. ஸியா மொஹியுதீன் 1960லேயே லண்டன் மேடையில் ‘எ பாசேஜ் டு இந்தியா’ நாடகத்தில் டாக்டர் அஸீஸாக நடித்துப் பெயர் வாங்கிவிட்டார். நடிகை ஜோஹ்ரா செஹ்கல் 1962 முதல் லண்டனில்தான் இருந்தார். நிரந்தரக் கூட்டத்தை வைத்தே எல்லாப் படத்தையும் எடுப்பது இந்த வரிசையின் வழக்கம் என்பது வரைக்கும் சரி. ஆனால் சின்னச் சின்ன வேடங்களுக்குக்கூட வேறு முகம் தேடாதது சோம்பல்தான்.

சோம்பல் என்று நான் சொல்வது முகத்தோடு நிற்கவில்லை. ராஜாவும் கவர்னரும் சந்தித்து வாழ்த்துப் பரிமாறிக்கொள்ளும் ஒரு காட்சி ரொம்பப் பிரபலம். ராஜா கடவுளின் பேரால் ஒவ்வொரு ஆசீர்வாதமாகச் சொல்லிக்கொண்டே போவார், கவர்னராக நடிக்கும் சிட் ஜேம்ஸ் ‘உங்களுக்கும், உங்களுக்கும்’ என்று பதில் சொல்லிக்கொண்டே வந்து, கடைசிப் பதிலில் மரியாதை மாறாத முகத்தோடு ஒரு கெட்ட வார்த்தையை முடிச்சுப்போடுவார். நேரம் பிசகாத நடிப்பு, நான் இன்னமும் சிரிக்கிறேன். ஆனால் அந்த ராஜா கூப்பிடும் கடவுளின் பெயர் ‘ஷிவூ’. கைபர் பக்கத்து ராஜா, ஆப்கான் பழங்குடிகளின் கூட்டாளி, கும்பிடுவது அரைகுறையாகக் காதில் விழுந்த சிவனை. ஆப்கான் எது, இந்தியா எது, முஸ்லிம் யார், இந்து யார் என்று படம் எடுத்தவர்கள் யாரும் ஒரு நிமிடம் செலவழிக்கவில்லை. நம்மை இழிவுபடுத்த உட்கார்ந்து யோசித்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. யோசிக்கவே இல்லை. நாம் அங்கே திரைச்சீலை. இழிவைவிட இது மோசமா, பரவாயில்லையா என்பது ஆளுக்கு ஆள் மாறும். என் கணக்கில் இரண்டுக்கும் அதிக தூரம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் பக்கத்து வேடங்களும் ஒருவகையில் மாறுவேடம்தான். விக்டோரியா மகாராணியின் கவர்னராக வரும் சிட் ஜேம்ஸ் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த யூதர். பேச்சில் எங்கேயும் பிரபு வாடை அடிக்காது, குதிரைப் பந்தயக்காரன் மாதிரிதான் சிரிப்பார். அவர் மனைவியாக வரும் ஜோன் சிம்ஸ் சீமாட்டியாகப் பேச ஆரம்பித்து, வாக்கியம் முடிவதற்குள் லண்டன் சந்தைக்காரியாக வழுக்கி விழுவார். ராஜாவாக நடித்த வில்லியம்ஸ் முடிதிருத்துபவரின் மகன். இரண்டாம் உலகப்போரின் கடைசியில் ராணுவத்தில் சேர்ந்து இலங்கையிலும் சிங்கப்பூரிலும் இருந்தவர், சிங்கப்பூரில் படைவீரர்களுக்கான கலைக்குழுவில்தான் மேடை ஏறிப் பழகினார். படத்திலேயே சுத்தமான பிரபுக்குலத்து ஆங்கிலம் பேசுவது அவருடைய ராஜாதான். கவர்னர் வீட்டாரைவிட ராஜாவுக்கு அதிக நாசூக்கு. இதைத் திட்டமிட்ட கிண்டல் என்று சிலர் எழுதுகிறார்கள். வில்லியம்ஸ் எந்த வேடத்திலும் மூக்கை நிமிர்த்திக்கொண்டு அப்படித்தான் பேசுவார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படம் எடுக்கப்பட்ட வருடத்தைத் தெரிந்துகொள்ளாமல் விருந்துக் காட்சியின் முழு ருசி கிடைக்காது. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைத்தார்கள். அதே மாதம் அரேபியாவில் தன் காலனியாக இருந்த ஏடனை விட்டு பிரிட்டிஷ் படை வெளியேறியது. 1968 ஜனவரியில் சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் படைகளைத் திரும்ப அழைக்கப்போவதாகப் பிரதமர் ஹெரால்ட் வில்சன் அறிவித்தார். கென்யாவிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரைத் தடுக்க அவசர அவசரமாகக் குடியேற்றச் சட்டம் போட்டதும் அந்த வருடத் தொடக்கத்தில்தான். ஏப்ரல் 20ஆம் தேதி எம்.பி. ஈனாக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சு நாட்டையே கலக்கியது. கைபர் படப்பிடிப்பு நடந்தது அதே வசந்த காலத்தில். அதாவது வெளியே தெருவில் நிஜ இந்தியர்கள் வந்ததைப் பற்றி ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது, பைன்வுட்டுக்குள் பொய் இந்தியர்களை வைத்துப் பழைய சாம்ராஜ்யத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள். தற்செயலாக அமைந்த பொருத்தம்தான். ஆனால் சில வசனங்கள் நேராகவே அந்த வருடத்தைச் சீண்டுகின்றன. கைதிகளை ஆயிரம் வெட்டு வெட்டிக் கொல்லப்போவதாக ராஜா சொல்ல, ஐயோ கொடுமை என்கிறாள் அவர் மகள். பிரிட்டிஷ்காரர்களுக்கு வெட்டு பழகிப்போனதுதானே என்கிறார் ராஜா (ஆங்கிலத்தில் ‘கட்’ என்றால் செலவுக் குறைப்பும்தான்). அரசாங்கம் எல்லாச் செலவிலும் கை வைத்துக்கொண்டிருந்த சமயத்தில் தியேட்டரில் அந்த வசனத்துக்கு என்ன வரவேற்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி அந்தக் காட்சி. எதிரிகள் கவர்னர் மாளிகையைச் சூழ்ந்துவிட்டார்கள். கவர்னர் என்ன செய்கிறார்? விருந்துக்கு உடை மாற்றிக்கொண்டு வரச் சொல்கிறார். மேசையில் சூப், வாத்தியக்குழு ஓரமாக வாசிக்கிறது. வெளியே குண்டு விழுகிறது, கூரைக் காரை பெயர்ந்து தட்டில் கொட்டுகிறது, சன்னல் போகிறது, சுவர் போகிறது. யாரும் கண்டுகொள்வதில்லை. தலையில் கொட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, ‘பிளாஸ்டர்ட்’ ஆகிவிட்டேன் என்று (சுண்ணாம்பு பூசியது, போதை ஏறியது இரண்டுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்) ஜோன் சிம்ஸ் விடும் ஒரு வரி, அந்த இடத்துக்கு அவரே கொண்டுவந்தது என்று சொல்லப்படுவது, படத்தின் உச்சம் என்பேன். மூடி போட்ட தட்டில் பக்கிரியின் வெட்டப்பட்ட தலை வருகிறது, அதுவும் பேசிக்கொண்டே வருகிறது. அதையும் ஒரு சின்ன அசௌகரியமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். சாப்பிட்டு முடித்த பிறகே ஆண்கள் எழுந்து போருக்குப் போகிறார்கள். இங்கே இரட்டை அர்த்தம் ரொம்பக் குறைவு, பின்புற ஜோக்கும் இல்லை. ஒரே ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் ஏற்றிக்கொண்டே போகிறார்கள்: ஆளும் வர்க்கத்தின் வீரம் என்று இத்தனை காலம் பாடப்பட்டது, கண்ணெதிரே நடப்பதைப் பார்க்க மறுக்கும் ஒரு பிடிவாதம். கேலிக்கு ஆளாகிறவர் முழுக்க முழுக்க மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர். நீங்கள் சிரித்தது அதற்கு.

மேசையில் ஒரே ஒருவர் மட்டும் நடப்பதைப் பார்த்து நடுங்குகிறார்: பீட்டர் பட்டர்வொர்த் நடிக்கும் பெல்சர் என்கிற மதப் பிரச்சாரகர், ஊரைத் திருத்த வந்து தானே வழுக்கியவர். மேசைக்கு அடியில் போகப் பார்க்கிறார், பைத்தியக்காரர்களைப் பார்ப்பதுபோல் மற்றவர்களைப் பார்க்கிறார். இந்த வேடத்தைப் பற்றி வகுப்பில் நான் தவறாமல் சொல்லும் ஒரு தகவல் உண்டு. பட்டர்வொர்த்தும் கதாசிரியர் ராத்வெல்லும் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களிடம் சிக்கி, ஸ்டாலாக் லுஃப்ட் மூன்று என்ற முகாமில் போர்க்கைதிகளாக இருந்தவர்கள். அங்கே கைதிகள் நடத்திய மேடை நிகழ்ச்சிகளில்தான் இருவரும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். விமானத்தோடு சுட்டு வீழ்த்தப்பட்டு வருடக்கணக்கில் கம்பிவேலிக்குள் இருந்த இரண்டு பேரில் ஒருவர் எழுத, மற்றவர் நடிக்கிறார். குண்டு விழுந்தால் மனிதன் பயப்படுவான் என்று அந்த மேசையில் ஒத்துக்கொள்கிற ஒரே ஆள் அவர். போரைப் பார்க்காத யாரோ எழுதிய கேலி இல்லை இது. அதனால்தான் அந்தக் காட்சிக்குள் ஏதோ ஒரு கனம் இருக்கிறது என்பது என் நினைப்பு. இதை நிரூபிக்க வழியில்லை, என் வாசிப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். படைவீரர்கள் வரிசையாக நின்று கில்ட்டைத் தூக்குகிறார்கள், இந்தத் தடவை உள்ளே ஒன்றும் இல்லை, எதிரிப்படை அலறி ஓடுகிறது. கொடி ஏறுகிறது. அதில் ‘நான் பிரிட்டனுக்குத் துணை நிற்கிறேன்’ என்று எழுதியிருக்கும். பலருக்கு இது இப்போது புரியாது. 1967 கடைசியில் சர்பிட்டன் என்ற ஊரில் ஒரு கம்பெனியின் பெண் தட்டச்சர்கள், நாட்டின் பொருளாதாரத்துக்காகத் தினமும் அரை மணி நேரம் சம்பளம் இல்லாமல் வேலை பார்ப்பதாக ஆரம்பித்தார்கள். அது ஒரு பெரிய இயக்கமாகப் பொங்கி, சட்டை, குவளை, பை எல்லாவற்றிலும் அந்த வாசகம் ஏறி, சில மாதங்களில் அடங்கிப்போனது. படம் வெளிவந்தபோது அதுவே ஊர் சிரித்த ஒரு பழைய சமாச்சாரம். பட்டர்வொர்த் கேமராவைப் பார்த்து, இவர்களுக்கெல்லாம் முற்றிய பைத்தியம் என்கிறார், படம் முடிகிறது.

இதை வைத்து ‘சாம்ராஜ்யத்தைத் தோலுரித்த மாபெரும் அங்கதம்’ என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் என்னால் போக முடியாது. இந்தக் கேலியில் பாசம் அதிகம். பைத்தியங்கள்தான், ஆனால் நம்ம பைத்தியங்கள் என்கிற தொனி. சாம்ராஜ்யத்தின் கணக்கு வழக்கு எதுவும் மேசைக்கு வருவதே இல்லை. நிஜ வரலாற்றில் ஒரு சம்பவம் சொல்கிறேன். 1842 ஜனவரியில் காபூலிலிருந்து ஜலாலாபாத்துக்குப் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையில் சுமார் 4,500 போர்வீரர்கள், அவர்களில் ஐரோப்பியர் ஏறத்தாழ 700 பேர்தான். மற்றவர்கள் இந்தியச் சிப்பாய்கள். கூடவே சுமார் 12,000 முகாம் பணியாளர்களும் குடும்பத்தாரும். பனியிலும் தாக்குதலிலும் பெரும்பாலோர் அழிந்தார்கள். பிரிட்டனில் எல்லாருக்கும் தெரிந்த படிமம், குதிரை மேல் தள்ளாடி ஜலாலாபாத் வந்து சேர்ந்த டாக்டர் பிரைடன் என்ற ஒற்றை வெள்ளைக்காரர். அவரை வைத்துப் புகழ்பெற்ற ஓவியமே இருக்கிறது. அந்தச் சிப்பாய்களும் சமையல்காரர்களும் ஓவியத்தில் இல்லை. கைபர் படத்திலும் கணவாயில் காவல் வீரர்கள் செத்துக் கிடக்கும் காட்சி ஒன்று வருகிறது, சிரிப்பு சற்று அடங்கும் அரிய இடம். அங்கேயும் துக்கம் கில்ட் கட்டியவர்களுக்குத்தான். எல்லைப்புறத்தைக் காத்த படையில் பெரும்பகுதி இந்தியர்கள் என்பதே இந்தப் படத்துக்குத் தெரியாது.

இதற்கு முந்தைய தலைமுறைப் படங்களோடு வைத்துப் பார்த்தால் நியாயமாக இருக்கும். 1938இல் அலெக்சாண்டர் கோர்டா தயாரித்த ‘தி டிரம்’ இதே எல்லைப்புறத்தை வைத்து எடுத்தது. மைசூர்ப் பக்கத்தில் பிறந்த நம்ம சாபு நடித்தது. அதில் கேலி என்பதே கிடையாது, நல்ல இந்தியன் என்றால் வெள்ளைக்காரனுக்கு விசுவாசமானவன், மற்றவன் சதிகாரன். அந்தப் படம் பம்பாயிலும் சென்னையிலும் திரையிடப்பட்டபோது பிரிட்டிஷ் பிரச்சாரம் என்று கடும் எதிர்ப்பு கிளம்பியது. அந்த வகைப் படங்களுக்குப் பிறகு கைபர் படத்தைப் பார்த்தால், அவர்கள் பூஜை செய்த பாத்திரங்களையே எடுத்து இவர்கள் போட்டு உடைப்பது தெரியும். வீரம், கடமை, நிதானம் என்ற மூன்றையும் ஒரே சாப்பாட்டு மேசையில் முடித்துவிட்டார்கள். அந்த மட்டில் கணக்கு அவர்கள் பக்கம்.

பெண்களைப் பற்றிக் கேட்கவில்லை நீங்கள், இருந்தாலும் மகளோடு பார்க்கப்போவதால் சொல்கிறேன். ராஜாவின் 51 மனைவிகளும் வரிசை எண்படி கவர்னரின் அறைக்கு வருவதாக ஒரு சமாச்சாரம் ஓடுகிறது. எனக்கு அது முதல் தடவை பார்த்தபோதே சலிப்புத் தட்டியது. ராஜாவின் மகளாக வரும் ஏஞ்சலா டக்ளஸுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அந்தப்புர நடனம், ஆண்கள் பெண்வேடம் போட்டுத் தப்பிப்பது எல்லாம் இந்த வரிசையின் தேய்ந்த சரக்கு. ஜோன் சிம்ஸ் மட்டும் விதிவிலக்கு. கணவனைவிட்டு ராஜாவின் பின்னால் போகும் ஒரு நடுவயதுப் பெண்ணின் ஆசையைப் படம் கேலி செய்யப் பார்க்கிறது, அவர் அதை விடவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு பசியும் ஒரு கம்பீரமும் கொடுத்துவிடுகிறார். பாதிச் சம்பளத்துக்கு.

சுற்றி வரும் கதைகளில் ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கணவாய்க் காட்சிகள் வேல்ஸில் ஸ்னோடன் மலையின் வாட்கின் பாதையில் எடுக்கப்பட்டவை என்பது உறுதி. ‘நான் கைபரில் வேலை பார்த்தவன், அந்த இடத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது’ என்று முன்னாள் சிப்பாய் ஒருவர் படக்குழுவிடம் சொன்னதாக எல்லாரும் சொல்லும் கதை, சொல்லுகிற ஆளுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கிறது. நல்ல கதை, ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். நூறு படங்கள் பட்டியல் விஷயத்தில் சந்தேகம் இல்லை. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 1999இல் திரைத்துறையினரிடம் வாக்கெடுத்துப் போட்ட பட்டியலில் இது 99வது இடம். ‘கேரி ஆன்’ வரிசையிலிருந்து இடம் பிடித்தது இது ஒன்றுதான். விருந்துக் காட்சி இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போயிருக்காது என்பது என் ஊகம்.

தகுதியானதா என்று கேட்டால், முழுப் படமாக, இல்லை. கடைசிக் கால் மணி நேரத்துக்காக, ஆமாம். இதே கூட்டம் இரண்டு வருடம் கழித்து ஆப்பிரிக்கக் காட்டை வைத்து எடுத்த படத்தில் பிரெஸ்லா கருப்புச் சாயம் பூசிக்கொண்டு வருகிறார். அங்கே தன் பக்கத்தைக் குத்தும் கூர்மை எதுவும் இல்லை, சோம்பல் மட்டுமே மிஞ்சுகிறது. அதைப் பார்த்தால் கைபர் எவ்வளவு தப்பித்திருக்கிறது என்று தெரியும். வரிசை பிறகு மெல்ல மங்கியது. 1974இல் ஜன்னல் துடைப்பவனின் லீலைகளைச் சொன்ன படம் ஒன்று நிர்வாணத்தை நேராகவே காட்டி வசூலை அள்ளியபோது, சாடைப் பேச்சுக்குச் சந்தை போய்விட்டது. துரத்திப் பிடிக்க ‘கேரி ஆன்’ குழுவும் 1978இல் துணியைக் குறைத்துப் பார்த்து மண்ணைக் கவ்வியது.

மகள் விஷயம். அந்தக் காலத்தில் இதற்கு ‘ஏ’ சான்றிதழ். நம் ஊர் ‘ஏ’ என்று பயப்பட வேண்டாம்; பெரியவர்களோடு வந்தால் சிறுவர்களும் பார்க்கலாம் என்பதே அப்போது பிரிட்டனில் அதற்குப் பொருள். பதினாலு வயதுப் பெண்ணுக்கு அதிர்ச்சி தரும் காட்சி எதுவும் இல்லை, பாதி இரட்டை அர்த்தம் அவளுக்குப் புரியாது, புரிகிற பாதியை அவள் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பாள். நான் என்றால் முழுவதையும் போட மாட்டேன். முதலில் ஒரு பத்து நிமிடம், ஷிவூ காட்சி வரைக்கும், அப்புறம் தாண்டிப் போய் மாளிகை விருந்திலிருந்து கடைசி வரை. சாயம் பூசிய முகத்தைப் பற்றி நீங்கள் முன்கூட்டியே எதுவும் சொல்லாதீர்கள், அவளே கேட்பாள். அடுத்த நாள் முடிந்தால் 1998இல் பிபிசியில் வந்த ‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’ தொடரில், இந்தியர்கள் கூட்டமாக இங்கிலீஷ் சாப்பாட்டுக் கடைக்குப் போய் ரகளை செய்யும் துண்டைத் தேடிப் போடுங்கள். சில நிமிடம்தான். எழுதி நடித்தவர்கள் பிரிட்டனில் வளர்ந்த நம் ஆட்கள், சாயம் எதுவும் தேவைப்படவில்லை.